வாரம் ஒரு பகுதி: தோராவை ரசிக்கும் முறை

கேட்டு ரசிப்பதென்பது வீரகேரளம்புதூருக்குப் புதிய வித்தையன்று. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்துப் போற்றிய ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஊர் அது; சிற்றாற்றின் கரையோடு மேற்கே நடந்தால், ரசிகமணி டி. கே. சி. கம்பனைச் சொல்லிச் சொல்லி அநுபவித்த குற்றாலம் வந்துவிடும். இப்படிப்பட்ட சீமையைச் சேர்ந்தவர்களுக்கு, யூதர்களுடைய வேதமாகிய தோராவை ரசிக்கும் முறையில் பாதி முன்னமே தெரிந்ததுதான்.

ஆதியாகமம் முதல் உபாகமம் வரையில் மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து ஆகமங்களே தோரா. அதனை 54 பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் வரிசையாக வாசித்து, வருஷ முடிவில் கடைசிப் பகுதியை முடித்த கையோடு முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுவது அவர்கள் வழக்கம். கையால் எழுதிய அந்தச் சுருளில் உயிர்க்குறியும் இல்லை, ராகக்குறியும் இல்லை. வாசிப்பவர் முன்னதாகவே பாடம் பண்ணிக்கொண்டு வந்து, எழுத்தை விரலால் தொடாமல் ஒரு சிறு கோலால் சுட்டிக்கொண்டே ஓதுவார். நமக்கு அடுத்த கொச்சியில், 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்திலும் இந்த ஓதல் ஒலித்ததுண்டு. 1719-இல் தரங்கம்பாடியில் காலமான பாதிரியார் சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத்தின் சரித்திரம் வரையில் தமிழாக்கி வைத்திருந்தபடியால், தமிழ் வாசகனுக்கும் இவ்வைந்து ஆகமங்கள் முந்நூறு வருஷத்துப் பழக்கம்.

ரசிப்பதற்கு முதல் விதி, அவசரப்படாமை. வாரத்துப் பகுதியை மூலத்தில் இரண்டு தரமும் அரமேய மொழிபெயர்ப்பில் ஒரு தரமும் வாசிக்க வேண்டும் என்பது யூத மரபு. திருநெல்வேலியில் டி. கே. சி.யைச் சுற்றி ஞாயிறுதோறும் கூடிய வட்டத்தொட்டி என்ற ரசிகர் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. முதல் தரம் காது கேட்கிறது. இரண்டாம் தரந்தான் உள்ளம் கேட்கிறது.

இரண்டாவது விதி, நீதியைத் தேடாமல் காட்சியைத் தேடுவது. உபாகமம் 21-ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 25-ஆம் அத்தியாயத்தில் முடியும் ‘கி தேட்சே’ என்ற பகுதியை எடுத்துக்கொள்வோம். மரபுக் கணக்குப்படி 74 கட்டளைகள் அடங்கிய அப்பகுதியில், களத்தில் பிணையல் சுற்றும் மாட்டுக்கு வாய்க்கூடு போடலாகாதென்று ஒரு விதி. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டுமென்று ஒரு விதி. ஏழையின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டுமென்று ஒரு விதி. மாட்டின் வாயையும், மாடியின் ஓரத்தையும், கூலிக்காரன் அந்திநேரத்தில் வெறுங்கையோடு திரும்பும் வழியையும் அருகில் நின்று பார்த்த கண் ஒன்று இவற்றின் பின்னே இருக்கிறது என்பதை உணர்ந்துவிட்டால், நீதி தானாக விளங்கும். நம் வட்டாரத்தில் வாரக் கூலிக்குக் காத்திருக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும், தெரு ஓரத்தில் மூடாமல் கிடக்கும் பாழுங்கிணற்றுக்கும் அந்த விதிகள் இன்றும் பொருந்துவதைக் காண வியாக்கியானம் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது விதி, கசக்கும் இடத்தைத் தாண்டிப் போகாமை. பிடிவாதக்கார மகனைக் கல்லெறிந்து கொல்லும்படி சொல்கிற விதியும் இதே பகுதியில்தான் இருக்கிறது. யூத ஆசாரியர்கள் அதனை மறைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக விசாரித்து நிபந்தனைமேல் நிபந்தனை வைத்து, அப்படி ஒரு மகன் உலகில் இருந்ததே இல்லை என்று அவர்களுடைய விவாதத் தொகுப்பாகிய தால்மூதில் ஒருசாரார் தீர்மானித்தார்கள். வேதத்தோடு வழக்காடுவதும் பக்தியில் ஒரு வகை என்பதைக் கண்டுகொள்வது இந்த ரசனையின் உச்சம்.

ஆகவே, இந்த வாரம் ஒரு மாலையில் நாலுபேராகத் திண்ணையில் உட்கார்ந்து, கூலி விதி வரும் உபாகமம் 24-ஆம் அத்தியாயத்தை உரக்க இரண்டு தரம் வாசியுங்கள். மூன்றாம் தரம் தொடங்குமுன், அன்றைய கூலி யாருக்கேனும் பாக்கியிருந்தால், எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.