ஓசிச் சாப்பாட்டுக்கு யார் பில் கட்டுகிறார்கள்?

போன வாரம் ஹோர்ஹே சாமின் ‘பி.எச்.டி. காமிக்ஸ்’ பழைய பகுதிகளை வரிசையாக எடுத்துப் படித்தேன். சாம் பனாமாவில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, 1997-ல், அங்குள்ள மாணவர் நாளிதழில் இதை வரைய ஆரம்பித்தார். அப்புறம் இணையத்தில் பரவி, 2011-ல் படமாகவும் வந்தது.

முடியாத ஆய்வேடு, பிடிகொடுக்காத பேராசிரியர் எல்லாம் இதில் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஒரு ஜோக், ஓசிச் சாப்பாடு. கருத்தரங்கின் தலைப்பு என்னவென்று தெரியாது, அங்கே என்ன சாப்பாடு என்று மட்டும் தெரியும். சீனியர் மாணவர் மைக் ஸ்லாக்கனர்னி இந்தக் கலையில் மன்னன்.

நான் பி.இ.யோடு நிறுத்திக்கொண்டவன். அமெரிக்க ஆய்வகத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை. இருந்தும் சிரிப்பு வந்தது. ஏன் என்று யோசித்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிலீஸுக்காக சனிக்கிழமையும் வரச்சொல்லிவிட்டு மத்தியானம் பிரியாணி வாங்கிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. நாங்களும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம். ஒரு பொட்டலம் பிரியாணிக்கு ஒரு விடுமுறை நாளைக் கொடுத்தோம் என்ற கணக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

‘ஓசி’ என்ற சொல்லே ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்ற முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கம்பெனி வேலையாகப் போகும் தபாலுக்குத் தபால்தலை வேண்டாமாம். இந்தக் காமிக்ஸுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஓசி என்றாலே கம்பெனி வேலைதானே!

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கத் துறைகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடத்தும் ‘விசிட் வீக்கெண்ட்’. இடம் கிடைத்த மாணவர்களைப் பெரும்பாலும் துறை செலவிலேயே வரவழைத்து, தங்கவைத்து, ஊரைச் சுற்றிக்காட்டி, ராத்திரி விருந்தும் வைப்பார்கள். ஏப்ரல் 15-க்குள் அந்த மாணவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும், அதனால்தான் இந்த உபசாரம். ஏற்கெனவே படிப்பவர்களுக்கும் அன்று நல்ல சாப்பாடு. பதிலுக்கு அவர்கள் சிரித்த முகத்தோடு ஊரைக் காட்ட வேண்டும். பேராசிரியர்கள் கிளம்பிப் போன பிறகுதான் பேச்சு வீட்டு வாடகைக்கு வரும்.

சாமின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. உதவித்தொகை எவ்வளவு குறைவு என்பதை அவர் சொல்லாமல் இல்லை, நிறையவே கிண்டல் செய்கிறார். ஆனால் அவருடைய உலகத்தில் இது மழை, வெயில் மாதிரி. யாரும் இதை முடிவு செய்யவில்லை, யாராலும் மாற்றவும் முடியாது. மாணவன் பீட்சா துண்டோடு ஆய்வகத்துக்குத் திரும்பிவிடுவான், நாமும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். பசி ஒரு குணச்சித்திரமாகிவிடுகிறது. சம்பளப் பிரச்சினையாக அது மாறுவதே இல்லை.

நிஜத்தில் அது மாறியது. 2022 நவம்பர் 14 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வகுப்பெடுக்கும் மாணவர்களும் ஆய்வு செய்யும் மாணவர்களும் அதில் இருந்தார்கள். ஆறு வாரம் போராடியதில், வகுப்பெடுப்பவர்களின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 23,000 டாலரிலிருந்து படிப்படியாக 34,000 டாலருக்கு உயர ஒப்பந்தமானது. இருபத்தைந்து வருட ஜோக்குக்குப் பின்னால் இருந்த கணக்கு அது.

அதற்காகக் காமிக்ஸைக் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ராத்திரி ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு ‘நான் மட்டும் இல்லை’ என்று முதலில் சொன்னது அதுதான். தனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைப்பவன் போராட வரமாட்டான். சாம் அந்த முதல் படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

நம்மூரிலிருந்து போகிறவர்களில் பலருக்கு இந்த விசிட் வீக்கெண்ட் வாய்ப்பதில்லை. துறையின் இணையதளத்தை மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கிளம்பினால் இந்தக் காமிக்ஸைப் படிக்கச் சொல்லுங்கள், நன்றாகச் சிரிக்கட்டும். அப்புறம் அங்கே படிக்கும் ஒரு சீனியரைப் பிடித்து, வாடகை போக மாதம் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.