கேட்டலும் ஒட்டுக்கேட்டலும்

இன நீதி கேட்டுத் தெருவில் இறங்கியவர்களுக்கு ஆட்சியில் இருப்போர் எவ்வாறு மறுமொழி கூறுதல் வேண்டும்? இவ்வினாவுக்கு நாடாளுமன்ற உரைகளிலும் அரசியல் நூல்களிலும் விடை தேடுவது வழக்கம். எழுத்தாளர் சிலரும் அமைச்சர் ஒருவரும் ஓர் அறையில் அமர்ந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாதிட்டுக் கசந்து பிரிந்த நிகழ்ச்சியொன்று, அந்நூல்கள் பலவும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. 1963 மே 24ஆம் நாள், நியூயார்க் நகரில் கென்னடி குடும்பத்தாருக்குரிய அடுக்குமாடி இல்லத்தில் அது நடந்தது. அழைத்தவர் அமெரிக்காவின் சட்டத்துறைத் தலைவரும் அதிபரின் தம்பியுமாகிய ராபர்ட் கென்னடி. அழைப்பை ஏற்று நண்பர்களைத் திரட்டி வந்தவர் ஜேம்ஸ் பால்ட்வின்.

அந்த மாதத்தின் தொடக்கத்தில்தான் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் சென்றனர். தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சும் காவல்துறையின் நாய்களும் அவர்கள்மீது ஏவப்பட்டன. படங்கள் உலகெங்கும் பரவின. அதிபர் தம் பதவிக்குரிய அறவலிமையைப் பயன்படுத்தவில்லை என்று குற்றஞ்சாட்டிப் பால்ட்வின் சட்டத்துறைத் தலைவருக்குத் தந்தி அடித்தார். அதன்பின் வந்ததே இந்த அழைப்பு. அமைச்சர் எதிர்பார்த்தது வடமாநில நகரங்களின் அமைதியின்மையைப் பற்றிய நிதானமான கலந்துரையாடல். வந்திருந்தோர் பாடகர் ஹாரி பெலபாண்டே, லீனா ஹார்ன், உளவியல் அறிஞர் கென்னத் கிளார்க், மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் ஆகியோருடன் இன்னும் சிலர். 1959இல் பிராட்வே அரங்கில் தம் நாடகத்தை மேடையேற்றிய முதல் கறுப்பினப் பெண்ணாகிய லொரெய்ன் ஹான்ஸ்பெரியும் இருந்தார். புகழ் எதுவும் இல்லாத ஓர் இளைஞரும் வந்திருந்தார். அவர் ஜெரோம் ஸ்மித். பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்து, 1961இல் மிசிசிப்பியில் கொடிய அடி வாங்கியவர்.

அமைச்சர் தம் அரசு செய்தவற்றை எடுத்துரைக்கத் தொடங்கினார். தொடுத்த வழக்குகள், எடுத்த முயற்சிகள், இனி எடுக்கவிருப்பவை. கணக்கு நேர்மையானதே. ஆயினும் ஸ்மித்தால் பொறுக்க முடியவில்லை. இவ்வறையில் அமர்ந்து இவற்றைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருப்பதே தமக்குக் குமட்டலைத் தருகிறது என்றார். கென்னடி அவரை விட்டுத் திரும்பி, பெயர்பெற்ற மற்றவர்களை நோக்கினார். அப்போது ஹான்ஸ்பெரி குறுக்கிட்டார். இங்கே புகழ்பெற்றோர் பலர் இருக்கலாம். ஆனால் அமைச்சர் செவிகொடுக்க வேண்டியவர் இந்த ஒருவரே என்பது அவர் கூற்றின் பொருள்.

அந்த முகத்திருப்பமே இந்நிகழ்ச்சியின் உயிர்நிலை. ஆட்சியாளர் எவரும் போராட்டக்காரரைச் சந்திக்க மறுப்பதில்லை. தமக்கு ஏற்ற போராட்டக்காரரைத் தேர்ந்துகொள்கின்றனர். நயமாகப் பேசுவோர், நன்றி சொல்லத் தெரிந்தோர் உள்ளே வருகின்றனர். அடிபட்டவன் வாயிலில் நிற்கிறான். காதுக்குக் கசப்பான சொல்லைப் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்றார் வள்ளுவர். அவர் அச்சொல்லை ஒப்புக்கொள்ளுமாறு வேந்தனைப் பணிக்கவில்லை. மறுமொழி கூறுமாறும் பணிக்கவில்லை. பொறுத்தல் ஒன்றையே கேட்டார். அன்று அமைச்சருக்கு அரிதாயிருந்ததும் அதுவே.

இந்நாட்டுக்காகப் போர்முனைக்குச் செல்வாயா என்று பால்ட்வின் ஸ்மித்தைக் கேட்டபோது, ஒருபோதும் இல்லை என்று விடை வந்தது. போரில் ஒரு தமையனை இழந்த கென்னடி அதிர்ந்து போனார். தம் முன்னோர் அயர்லாந்திலிருந்து ஏதிலிகளாய் வந்து ஏச்சுப்பேச்சுகளைத் தாங்கி உயர்ந்த கதையைச் சொன்னார். கறுப்பினத்தவர் ஒருவரும் நாற்பது ஆண்டுகளில் அதிபராகலாம் என்றார். தம் குலத்தார் அயர்லாந்துக்காரருக்கு நெடுங்காலம் முன்பே இம்மண்ணுக்கு வந்தவர்கள் என்று பால்ட்வின் திருப்பினார். வரலாறு கென்னடியின் கணிப்பை ஏறக்குறைய மெய்ப்பித்தது. 2008இல் பராக் ஒபாமா தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் கணிப்பு சரியாக இருந்ததால் மறுமொழி சரியாகிவிடாது. புண்பட்டவனிடம் தன் குடும்பம் ஆறிய கதையைக் கூறுவது அனுதாபம் போலத் தோன்றும். உண்மையில் அது அவன் கதையை நிறுத்திவிட்டுத் தன் கதையைத் தொடங்குவது.

அலபாமாப் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த கறுப்பின மாணவியை அதிபரே கைப்பிடித்து அழைத்துச் செல்லட்டும் என்ற கோரிக்கையைக் கென்னடி பொருளற்ற சைகையென ஒதுக்கினார். பர்மிங்காமில் வெள்ளைக் காவலர் ஒருவர் கறுப்பினப் பெண்ணின் கழுத்தின்மேல் நின்ற படத்தைச் சுட்டி, அப்படத்தை ஈன்ற நாகரிகத்தைப் பற்றியே தமக்குக் கவலை என்று கூறி ஹான்ஸ்பெரி எழுந்து வெளியேறினார். கூட்டம் கலைந்தது. கென்னடி செய்த நன்மைகளைப் பின்னர்த் தனியே பாராட்டியவர்களும் அவ்வறையில் இருந்தனர். அதை எல்லார் முன்னும் ஏன் சொல்லவில்லை என்று அவர் கசந்து கேட்டார். சொல்லியிருந்தால் மற்றவர்களின் நம்பிக்கையை இழந்திருப்போம் என்பதே கிடைத்த விடை.

எனினும் அவ்வமைச்சரிடம் ஒரு சிறப்பு இருந்தது. சினம் ஆறியபின், ஸ்மித்தின் நிலையில் தாம் பிறந்திருந்தால் தாமும் அவ்வாறே உணர்ந்திருக்கக் கூடும் என்று உடனிருந்தோரிடம் ஒப்பினார். ஜூன் 11ஆம் நாள் அதிபர் ஜான் கென்னடி தொலைக்காட்சியில் உரையாற்றினார். அதற்கு ஊக்கமளித்தவர் தம்பியே. அவ்வுரை சாதனைப் பட்டியலாகத் தொடங்கவில்லை. இன உரிமை அறத்தைச் சார்ந்தது என்று கூறி, தம் தோலின் நிறத்தை மாற்றிக்கொண்டு பொறுமையாயிருக்கும் அறிவுரையை ஏற்க உங்களுள் யார் உடன்படுவீர் என்று வெள்ளையரை வினவியது. மே மாதத்தில் அமைச்சரின் செவிக்குக் கைத்த சொல், ஜூன் மாதத்தில் அதிபரின் வாயில் வினாவாக வந்தது எனலாம். ஒரு மாலை வாக்குவாதமே இதைச் செய்தது என்பது மிகை. பர்மிங்காம் பிள்ளைகளின் பங்கே பெரிது. உரை வெறும் உரையாக நில்லாமல் எட்டு நாளில் மசோதாவாகி, 1964 ஜூலை 2ஆம் நாள் அடுத்த அதிபர் ஜான்சனின் கையொப்பத்தால் சட்டமாயிற்று.

இங்கேயே நிறுத்தினால் கதை இனிதாக முடியும்; திறனாய்வு அவ்வாறு முடிய இயலாது. அதே 1963 ஜூலையில், அவ்வறையில் அமர்ந்திருந்த கிளாரன்ஸ் ஜோன்ஸின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும், அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் இசைவளித்தவர் ராபர்ட் கென்னடியே. கிங்கின் அணியில் பொதுவுடைமையர் ஊடுருவியுள்ளனர் என்று கூட்டரசுப் புலனாய்வுத் துறைத் தலைவர் ஹூவர் வற்புறுத்தினார் என்பது காரணம். ஆனால் நேரில் சொல்ல வந்தவனை விட்டு முகத்தைத் திருப்பியவர், அவன் தோழர் தமக்குள் பேசுவதை மறைந்திருந்து கேட்க ஒப்பினார் என்பதை அக்காரணம் மறைக்காது. முன்னதில் பேசுபவன் குடிமகன். பின்னதில் அவன் ஐயத்துக்குரியவன்.

ஜான்சனின் தவறு வேறு வகையானது. 1967இல் நியூவர்க், டெட்ராய்ட் நகரங்களில் கலவரம் வெடித்தபோது, காரணம் அறிய அவரே கெர்னர் தலைமையில் ஆணைக்குழு அமைத்தார். வெள்ளையரின் இனவாதமே வேர் என்று 1968இல் அறிக்கை வெளிவந்ததும், முறைப்படி பெற்றுக்கொள்ளவும் மனமின்றி ஒதுங்கினார். உரிமைச் சட்டங்களில் ஒப்பமிட்டவருக்கும் நன்றியை எதிர்பார்க்கும் நோய் இருந்தது.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் இரவு, அதிபர் தேர்தல் வேட்பாளராக இண்டியானாபொலிஸ் சென்றிருந்த ராபர்ட் கென்னடி, காவலர்களின் எச்சரிக்கையை மீறிக் கறுப்பின மக்கள் கூடியிருந்த இடத்திற்குச் சென்று, கிங் கொல்லப்பட்ட செய்தியைச் சொன்னார். அயர்லாந்துக் கதை வரவில்லை; சாதனைக் கணக்கு வரவில்லை. உங்களுக்குக் கசப்பும் பழியுணர்வும் எழலாம் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டு, தம் அண்ணனும் ஒரு வெள்ளையனால் கொல்லப்பட்டதைச் சுருக்கமாகக் குறிப்பிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் கொந்தளித்த நாள்களில் அந்நகரம் அமைதி காத்தது. மே மாதத்தில், கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அவர் அளித்த இசைவு நாளிதழ்ப் பத்தியொன்றில் வெளியாயிற்று. ஜூன் 4ஆம் நாள் கலிபோர்னியாவின் கறுப்பின வாக்காளர் பெருந்திரளாக அவருக்கே வாக்களித்தனர். அன்று நள்ளிரவு கடந்ததும் அவர் சுடப்பட்டார்.