ஆராய்ச்சிச் சுவரொட்டியும் அதன் வாசகரும்

பல்கலைக்கழக ஆய்வரங்குகளில் மாணவர் காட்சிக்கு வைக்கும் ஆராய்ச்சிச் சுவரொட்டிகளை நோக்குமிடத்து, அவற்றுட் பல கட்டுரைப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஒட்டியவைபோல அமைந்திருத்தலைக் காண்கிறோம். 841 மில்லிமீற்றர் அகலமும் 1189 மில்லிமீற்றர் உயரமுங் கொண்ட ஏ0 தாளில் முன்னுரை, முறையியல், பெறுபேறு, முடிபு யாவும் ஒழுங்காகவே உள்ளன. நின்று வாசிப்போரைத்தான் காணோம். இதனை வெறும் அழகியற் குறைபாடாகக் கொள்ளல் பொருந்தாது. யாருக்காக எழுதுகிறோம் என்னும் வினாவே இங்கு அடிப்படையானது.

இவ்வினாவுக்குத் தெளிவான விடை கண்ட முயற்சியொன்று வரலாற்றில் உண்டு. சமூக ஜனநாயகவாதிகளின் ஆட்சியிலிருந்த வியன்னா நகரில், 1925ஆம் ஆண்டு ஒட்டோ நொய்ராத் சமூக, பொருளாதார அரும்பொருளகத்தை நிறுவினார். புள்ளிவிபரங்களை உழைக்கும் மக்கள் விளங்கிக்கொள்ளுமாறு செய்தலே அதன் நோக்கம். பின்னர் 'ஐசோரைப்' எனப் பெயர்பெற்ற அம்முறையின் தலையாய விதி வருமாறு: பெருந்தொகையைக் காட்டப் படத்தைப் பெரிதாக்கலாகாது, ஒரே அளவான படங்களின் எண்ணிக்கையையே கூட்டுதல் வேண்டும். உருவமொன்றின் உயரத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கின் பரப்பு நான்கு மடங்காகும், கண் ஏமாறும். வடிவத்தின் நேர்மையும் ஆய்வின் நேர்மையும் வேறல்ல என்பது இதனாற் பெறப்படும்.

அக்குழுவில் ஆய்வாளருக்கும் ஓவியருக்குமிடையே 'உருமாற்றுநர்' ஒருவர் இருந்தார். தரவுகளுள் எதைக் காட்டுவது, எதை விடுவது எனத் தீர்மானித்தல் அவர் பணி. மறீ றைடமைஸ்ரர் அப்பணியிற் சிறந்து விளங்கினார். நம் மாணவர் மூவர் பணியையும் தாமே ஏற்கின்றனர். ஆனால் இந்நடுப்பணியே பெரும்பாலும் கைவிடப்படுகிறது. எல்லாவற்றையும் எழுதிவிடுதல் உழைப்பின் சான்றெனக் கருதப்படுகிறது. உண்மையில் அது தீர்ப்பளிக்கத் தயங்குதலேயாம்.

2019ஆம் ஆண்டு மைக் மொறிசன் முன்வைத்த வடிவம், பிரதான முடிபை எளிய வாக்கியமாக நடுவே பேரெழுத்திற் பொறித்து, விபரங்களைப் பக்கங்களுக்கு ஒதுக்கிற்று, முழுக்கட்டுரைக்குக் கியூ.ஆர். குறியீடு வழிகாட்டிற்று. வாசகரை முதன்மைப்படுத்தும் அளவில் இதனை வரவேற்கிறோம். எனினும் ஆதாரத்தினின்று பிரிந்த முடிபு விளம்பரமாகிவிடும். விளம்பரம் நம்பிக்கையை வேண்டுவது. ஆய்வோ பரிசோதனைக்கு இடமளிப்பது. ஆதலின் அவ்வாக்கியத்தின் அருகிலேயே அதனைத் தாங்கும் வரைபடம் ஒன்றும், மாதிரியின் அளவும், முடிபின் எல்லையும் இடம்பெறல் இன்றியமையாதது.

1934இல் வியன்னாவின் சமூக ஜனநாயகவாதிகள் ஒடுக்கப்பட்டபோது நொய்ராத் ஹேக் நகரிற் புகலடைந்தார். மக்களுக்கு எண்களை விளக்குதல் அரசியலினின்று விலகிய தொழிலாக இருந்ததில்லை. எவருடைய வாழ்வு நம் ஆய்வுகளில் எண்ணாகிறதோ, அவர் சுவரொட்டியின் முன் நின்று அதனை விளங்கவும் மறுக்கவும் கூடுமா? அதன் தரத்தை அளத்தற்கு இதனினுஞ் சிறந்த உரைகல் வேறில்லை.