கொசுவலைக்குப் பின்னால் தெரிந்த உலகம்

மெய்நிகர் உலகம் என்று பேச்சை எடுத்தால் நம் கோட்பாட்டாளர்களுக்குப் பூத்ரியார் வந்துவிடுவார். 1981இல் வெளியான அவரது நூலை வைத்துக்கொண்டு, பிம்பம் மெய்யை விழுங்கிவிட்டது, இனி அசல் என்று ஒன்றில்லை என்று முடித்துவிடுகிறார்கள். விழுங்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பிம்பம் எப்படி இருந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. தலைக்கவசத்துக்குள் இருந்த திரையையே பிரதியாக வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

1968இல் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய கருவியில் கண்ணுக்கொன்றாக இரண்டு சின்னப் படக்குழாய்கள். தலை திரும்புவதை அளக்க மேற்கூரையிலிருந்து ஒரு தண்டு தொங்கியது. பாதி வெள்ளி பூசிய கண்ணாடி வழியே அறையும் தெரியும். அதன்மேல் வெறுங்கோடுகளாலான கனசதுரம் மிதக்கும். மெய் எங்கேயும் போய்விடவில்லை, எதிரிலேயேதான் இருந்தது.

1980களின் இறுதியில் ஜேரன் லேனியரின் விபிஎல் நிறுவனம் விற்ற தலைக்கவசத்தில் திரவப் படிகத் திரைகள் வந்தன. கிடைவாக்கில் சுமார் 360 புள்ளிகள். அவற்றை லென்ஸ் வைத்து எண்பது பாகைக்கும் மேலாக விரித்தார்கள். கணக்குப் போட்டால் பாகைக்கு நாலைந்து புள்ளி தேறும். நல்ல கண் பாகைக்கு 60 புள்ளிகளைப் பிரித்தறியும். அமெரிக்கச் சட்டம் பார்வையற்றோர் என வகைப்படுத்தும் 20/200 பார்வைக்கே பாகைக்கு 6 என்று வருகிறது. போதாததற்கு, புள்ளிகளுக்கு இடையிலான கறுப்பு இடைவெளியையும் லென்ஸ் பெரிசாக்கிக் காட்டும். கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு ஊரைப் பார்க்கிற மாதிரி. இருக்கிற புள்ளிகள் அவ்வளவுதான். அகலம் கேட்டால் கூர்மை போய்விடும்.

அப்படியானால் அணிந்தவர்கள் ஏன் 'உள்ளே இருந்தேன்' என்றார்கள்? பிம்பம் அசலைப் போல இருந்ததால் அல்ல. தலையைத் திருப்பினால் படமும் அதற்கேற்ப மாறியது. நகர்கிறவனுக்கு ஏற்ப மாறும் காட்சியே அடிப்படை என்று சதர்லாண்ட் 1968 கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். நம்பியது கண் அல்ல, கழுத்து.

மறுபக்கச் சாட்சியாக நின்டெண்டோ 1995இல் வெளியிட்ட வர்ச்சுவல் பாய். கண்ணுக்கு 224 சிவப்பு ஒளி டையோடுகள் கொண்ட ஒற்றை வரிசை, எதிரே அதிரும் ஆடி. அந்த வரிசையை ஆடி வீசிப் பரப்ப, கண் அதைப் படமாகக் கூட்டிக்கொண்டது. சிவப்பைத் தேர்ந்தது அழகியல் அல்ல. சிவப்பு டையோடுதான் மலிவு, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். மாற்று உலகத்தின் நிறத்தையே கடைவிலை தீர்மானித்தது. ஆனால் அது மேசைமேல் தாங்கியில் நின்றது; தலை திரும்புவதை அறியும் ஏற்பாடு அதில் இல்லை. சுமார் 7,70,000 விற்று, ஓராண்டுக்குள் ஓய்ந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் ஆழம் காட்டிய அந்தப் படத்தை உலகம் என்று உடல் ஒப்பவில்லை.

திரைகள் இன்று எவ்வளவோ கூர்மையாகிவிட்டன, பழங்கதை எதற்கு என்பார்கள். கூர்மை கூடக்கூட, ஒப்புமைதான் நம்பவைக்கிறது என்ற மயக்கமும் கூடுகிறது. அதனால்தான் அந்த மங்கலான காலம் முக்கியம். பிம்பம் மெய்யை வென்றது என்பது கருவியை விற்கிறவனுக்குத் தோதான வாசகம். அதையே கலகக் குரலில் திருப்பிச் சொல்வதை விமர்சனம் என்று என்னால் ஏற்க முடியாது. பிம்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், உடலைப் பற்றி இனித்தான் எழுத வேண்டும்.