எந்த வேடத்துக்காக?

2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருதுப் பட்டியல் வெளியான மறுநாள் சாயங்காலம், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் ஒரு பெரியவர் பேப்பரை மடியில் விரித்து வைத்திருந்தார். சுண்டுவிரலை ஒவ்வொரு பெயருக்கும் கீழே வைத்து இறக்கிக்கொண்டே போனார். ஐம்பது வருஷமாக நாடகம் பார்ப்பவர். அக்கம்பக்கத்தில் எந்த ஊரில் 'வள்ளி திருமணம்' போட்டாலும் முதல் வரிசையில் பாய் விரிப்பவர். பக்கத்தில் இருந்த இளைஞர்தான் முதலில் கோபப்பட்டார்: "பாருங்க மாமா, பூராம் சினிமாக்காரங்க படம்தான் போட்டிருக்கான்." பெரியவர் தலையை நிமிர்த்தவில்லை. "அது கிடக்கட்டும் தம்பி. நம்ம ஆளுக பேரும் இருக்கு. எந்த நாடகத்துக்குன்னு போடலையே?"

அந்த இரண்டு பேச்சில் இளைஞரின் பேச்சைத்தான் ஒவ்வொரு முறையும் எல்லோரும் பேசுகிறோம். பெரியவரின் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கேள்விதான் சரியானது என்று எனக்குப் படுகிறது.

முதலில் இளைஞரின் குறையை எடுத்துக்கொள்வோம். அந்த அறிவிப்பில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 90 பேர். நாளிதழ்களில் எஸ்.ஜே.சூர்யா, சாய் பல்லவி, அனிருத் ஆகியோரின் படங்கள் பெரிதாக வந்தன. மற்றவர்கள் கீழே பொடி எழுத்தில் நின்றார்கள். இது புதிதாக வந்த ஆதங்கம் அல்ல. 2021-இல் இந்த விருது பற்றிய வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே வந்தது. ஓரிரண்டு படங்களில் தலைகாட்டியவர்களுக்கெல்லாம் கலைமாமணி போகும் நிலை வந்துவிட்டதே என்று நீதிபதிகளே வருத்தப்பட்டார்கள். ஆகவே குறை பொய்யில்லை. ஆனால் அதன் பலம் எவ்வளவு? திரைக்கலைஞரும் கலைஞரே. பட்டியலில் இயல், இசை, நாட்டியம், நாட்டுப்புறக் கலைகள் என்று பல துறைகள் உண்டு. இசை நாடகத்துக்கும் இடம் உண்டு. அதை மறைத்துவிட்டு, எல்லாவற்றையும் சினிமா தின்றுவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. படத்தைப் பெரிதாகப் போட்டது பத்திரிகை. விருது கொடுத்த தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. நாளைக்கே ஒரு திரைக்கலைஞர்கூட இல்லாமல் பட்டியல் வந்தாலும், தெப்பக்குளத்துப் பெரியவரின் கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால், நாம் எதை மதிப்பிடுகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும்.

மதுரைக்காரர்கள் 'ஸ்பெஷல் நாடகம்' என்று சொல்லும் இசை நாடகத்துக்குப் பாட்டன் சங்கரதாஸ் சுவாமிகள். 1918-இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்கள் போன்ற சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1922-இல் மறைந்தார். கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்த பிறகும் அவருடைய நாடகங்கள் நின்றன. ஆனால் ஆடும் முறை மாறிவிட்டது. ராஜபார்ட் என்னும் கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்னும் கதாநாயகி இன்னோர் ஊர், ஆர்மோனியம் வாசிக்கும் பெட்டிக்காரர் வேறு ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி வாங்கி, நோட்டீசில் படம் போட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஒரே கொட்டகையில் சேர்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. வேடம் கட்டும் இடத்தில்தான் சில சமயம் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு விடியும்வரை ஆடுகிறார்கள்.

ஆகவே இந்தக் கலையில் 'படைப்பு' என்பது அந்த ஒரு ராத்திரிதான். அது எப்படி உருவாகிறது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வைகைக் கரையோரம் ஒரு கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்'. ராஜபார்ட் நாலரைக் கட்டையில் ஏறி நின்று தொடங்கியவர். கூட்டம் ஆடாமல் இருந்து கேட்டது. மூன்று மணி வாக்கில் வள்ளியோடு தர்க்கம் சூடுபிடித்தபோது அவர் தொண்டை கட்ட ஆரம்பித்தது. மேல் ஸ்தாயிக்குப் போன குரல் பாதியில் நின்றது. அடுத்த நொடி ஆர்மோனியக்காரர் பின்பாட்டை எடுத்து அந்த வரியைத் தானே முடித்தார். பெட்டியில் அவருடைய வலது கை நிற்கவே இல்லை. மிருதங்கக்காரர் ஒரு தீர்மானம் வைத்து இடம் கொடுத்தார். அடுத்த பாட்டு வந்தபோது சுருதி அரைக் கட்டை இறங்கியிருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியாது. வள்ளி வேடம் போட்டிருந்த அம்மாவுக்குத் தெரிந்தது. பாட்டைச் சுருக்கிப் பேச்சை நீட்டினார். வேலனைக் கேள்வி மேல் கேள்வியாக மடக்கி, அவர் தொண்டைக்குப் பத்து நிமிஷம் ஓய்வு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிஷம்தான் அன்றைய நாடகத்தின் உச்சம். ராஜபார்ட் திரும்பப் பாடியபோது விசில் பறந்தது. மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வரிசையாக வந்தது, எல்லாம் ராஜபார்ட்டுக்கே.

இப்போது இந்த ராத்திரிக்கு விருது கொடுங்கள் என்றால் யாருக்குக் கொடுப்பது?

இங்கேதான் நம் விருது முறைகள் எல்லாமே தடுமாறுகின்றன. கலைமாமணிப் பட்டியலில் பெயர் இருக்கும், துறை இருக்கும். எந்த நாடகம், எந்த வேடம், எந்த ஆண்டில் ஆடியது என்று ஒரு சொல் இருக்காது. விருதுக்கு முன்னால் பரிந்துரைப் பட்டியல் என்று ஒன்றும் வெளியாவதில்லை. நேராக முடிவுதான். 2019-இல் எட்டு ஆண்டுகளுக்கு, 2011 முதல் 2018 வரை, ஒரே மூச்சில் 201 பேரை அறிவித்தார்கள். 2011-இல் குரல் உச்சத்தில் இருந்த ஒரு ஸ்திரீபார்ட்டுக்கு 2019-இல் பதக்கம் வருகிறது என்றால், அது அவர் பாட்டுக்கு வந்ததா, அவர் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு வந்ததா? தொண்டையை நம்பி நிற்கும் கலையில் எட்டு வருஷம் என்பது ஓர் ஆயுள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் கலை பண்பாட்டுத் துறை ஆண்டுக்கு 15 பேருக்குக் கொடுக்கும் விருதுகள் இன்னும் விசித்திரமான அடிப்படையில் நிற்கின்றன. கலை இளமணி பதினெட்டு வயது வரை, கலை வளர்மணி முப்பத்தைந்து வரை, கலைச் சுடர்மணி ஐம்பது வரை, கலை நன்மணி அறுபத்தைந்து வரை, அதற்கு மேல் கலை முதுமணி. பெயர்கள் அழகானவை. சின்ன ஊர்க் கலைஞருக்கும் ஒரு மேடை கிடைக்கிறது என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் ஐந்து படிகளையும் வயதுதான் பிரிக்கிறது. கரகக்காரரும் பெட்டிக்காரரும் ஓவியரும் ஒரே வயது என்பதற்காக ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுகிறார்கள். விண்ணப்பம், சான்றிதழ் நகல், புகைப்படம், பத்திரிகைச் செய்தி என்று தாள்தான் பேசுகிறது. மூன்று மணிக்கு இறங்கிய அந்த அரைக் கட்டையை எந்தத் தாளில் ஒட்டி அனுப்புவது?

அரசு இக்கலைஞர்களை மறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. அது பல வீடுகளில் அரிசிக்கும் மருந்துக்கும் ஆகிறது. வேண்டியதுதான், இன்னும் கூட்டவும் வேண்டும். என் வருத்தம் வேறு. இவர்களுடைய வறுமையை அளக்க நமக்கு ஒரு முறை இருக்கிறது. இவர்களுடைய திறமையை அளக்க இல்லை.

அயல்நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்கு 1947 முதல் டோனி விருது கொடுக்கிறார்கள். பரிந்துரைக் குழுவினர் தகுதி பெற்ற நாடகங்களை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். விருது நாளுக்குப் பல வாரம் முன்பே பரிந்துரைப் பட்டியல் வந்துவிடும். அதில் நடிகர் பெயரோடு நாடகத்தின் பெயரும் இருக்கும். எனவே 'இவர் எப்படி வந்தார், அவரை ஏன் விட்டார்கள்' என்று ரசிகர்கள் சண்டை போடும்போது, சண்டைக்கு ஒரு பொருள் இருக்கிறது. இரண்டு பேரும் பார்த்த ஒரு வேடத்தைப் பற்றிய சண்டை அது. அங்கேயும் தவறு நடக்காமல் இல்லை. 2014-இல் ஒலி வடிவமைப்புக்கான விருதையே எடுத்துவிட்டார்கள். கலைஞர்கள் எதிர்த்துப் பேசிப் பேசி, 2017-18 பருவத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிரிவு எது என்று ஊருக்குத் தெரிந்திருந்ததால்தான் அது போனபோது கேட்க முடிந்தது. நம் பட்டியலில், பல தாள வாத்தியங்களை ஒருவரே வாசிக்கும் 'ஆல்ரவுண்ட்' கலைஞருக்கு என்று ஒரு பிரிவு எப்போது இருந்தது, எப்போது இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

1996-இல் நடந்தது இன்னும் நெருக்கமானது. 'விக்டர்/விக்டோரியா' என்ற இசை நாடகத்தில் நடிகை ஜூலி ஆண்ட்ரூசுக்கு மட்டும் டோனி பரிந்துரை வந்தது. உடன் ஆடியவர்கள், ஆக்கியவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. ஒரு பகல் காட்சி முடிந்ததும் மேடையிலேயே நின்று, இதை நான் ஏற்க மாட்டேன், விடுபட்டவர்களோடு நிற்கிறேன் என்று அறிவித்துவிட்டார். இசை நாடகத்தில் ஒருவர் தனியாகச் சிறப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒத்திகை பார்த்து, இயக்குநர் வைத்து ஆடும் நாடகத்திலேயே அப்படி என்றால், ஒத்திகையே இல்லாத நம் கொட்டகையில் எத்தனை மடங்கு!

ஒரு மறுப்பு வரும். பிராட்வேயில் ஒரே நாடகம் ஒரே ஆட்களோடு மாதக்கணக்கில் ஓடுகிறது. நம்மிடம் ஆட்கள் ராத்திரிக்கு ராத்திரி மாறுகிறார்கள், எதைக் குறிப்பிட்டு விருது கொடுப்பது என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் விடையும் இந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது. ஆட்கள் மாறினாலும் நாடகம் மாறுவதில்லை: 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'அரிச்சந்திரா', 'கோவலன்'. வேடம் மாறுவதில்லை. ரசிகர்கள் பேசுவதும் வேடத்தை வைத்துத்தான். "அவரு நாரதருக்கு ஒரு ஆளு சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் ஊர் இது. நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். விஸ்வநாததாஸ் 1940 கடைசி நாளில் சென்னையில் மயில் மேல் அமர்ந்த முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர் விட்டார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. இவர்களுக்குப் பட்டியலில் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. வேடத்தோடு சேர்த்தே ஊர் அவர்களை நினைவில் வைத்தது.

ரசிகர்களாகிய நம்மையும் விசாரிக்க வேண்டும். பபூன் என்னும் கோமாளியின் காமிக்கும் டான்சும் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிடுகிறது. சினிமாப் பாட்டுக்கு விழும் அன்பளிப்பு விருத்தத்துக்கு விழுவதில்லை. இன்னொரு பக்கம், அந்தப் பபூன்–டான்ஸ் காட்சியைத் தரம் தாழ்ந்தது என்று ஒதுக்கிவிட்டுத் தர்க்கம் மட்டுமே கலை என்கிறோம். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையில் தங்கி, இக்கலைஞர்களோடு பழகி, 2005-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அந்த நகைச்சுவைக் காட்சிகளுக்கே பல அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். அசைவு அசைவாக, மேடையில் யார் எங்கே நிற்கிறார் என்பதுவரை. அந்த அளவு கவனத்தோடு நாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காதவர்கள், தேர்வுக்குழு பார்க்கவில்லை என்று மட்டும் குற்றம் சொன்னால் அது பாதி வழக்குத்தான்.

என் தீர்ப்பு இது. இசை நாடகத்துக்குக் கிடைக்கும் கலைமாமணி மரியாதைதான். அந்த மரியாதையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதைத் திறமைக்கான தேர்வு என்று ஏற்க முடியாது. சினிமாக்காரர் வந்ததனால் அது கெடவில்லை. பார்த்தது எது என்று சொல்லாததனால் கெட்டது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நாடகம், வேடம் என்று இன்னும் இரண்டு கட்டம் போடட்டும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், பபூன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிரிக்கட்டும். முடிவுக்கு ஒரு மாதம் முன்பே பரிந்துரைகளை வெளியிடட்டும். தேர்வு செய்கிறவர்கள் பங்குனி, சித்திரையில் மதுரைப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ வந்து, சில ராத்திரியாவது விடியும்வரை உட்காரட்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த திருவிழாவில் கையில் கிடைக்கும் நாடக நோட்டீசைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதன் பின்பக்கத்தில் தேதி, ஊர், யார் எந்த வேடம், எத்தனை மணிக்கு எதைப் பாடினார், பெட்டியில் யார், எந்த இடத்தில் காப்பாற்றினார் என்று நாலு வரி எழுதி வையுங்கள். தெப்பக்குளத்துப் பெரியவரிடம் அப்படி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டீஸ் இருக்கிறது.