திரைக்கு முன்னர் ஒலித்த குரல்: விளம்பரமும் இலங்கைத் தமிழ்த் திரைப்படமும்

நாடகம் திரை விலகியதும் தொடங்குகின்றது. திரைப்படமோ அரங்கின் விளக்குகள் அணைவதற்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்கிவிடுகின்றது. படமாளிகையில் வந்தமரும் இரசிகன் தான் அறியாத ஒன்றைக் காண வருபவனல்லன். பாட்டாகவும் குரலாகவும் சுவரொட்டியாகவும் முன்னரே அறிமுகமாகிவிட்ட ஒன்றை நேரில் காண வருபவன். இந்த முன்னறிமுகத்தைச் செய்பவர் யாவர், அதனால் எவ்வகைப் படங்கள் பயன்பெறுகின்றன என்னும் வினாக்கள் தமிழ்த் திரைப்பட விமர்சனத்தில் பெரிதும் எழுப்பப்படுவதில்லை. வெளியான படத்தின் கதை, நடிப்பு, இசை ஆகியவற்றை எடைபோடுவதோடு விமர்சனம் அமைந்துவிடுகின்றது. ஆயின், இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, அதன் தோல்வியின் ஒரு பகுதி திரையிலன்றித் திரைக்கு முன்னரே நிகழ்ந்துள்ளமை புலனாகும்.

இதனை ஆராய்வதற்குக் கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் பொருத்தமான களமாகும். வெம்பிளி, றீகல் முதலிய படமாளிகைகளை நாடிய தமிழ் இரசிகர் ஒரே தன்மையினரல்லர். நகரத்து வணிகர், அரசாங்க ஊழியர், பேராதனை மாணவர், ஹந்தானை, கலஹா, தெல்தொட்டை ஆகிய பகுதிகளின் தோட்டத் தொழிலாளர் எனப் பலதிறத்தினர் அவர்கள். சுவரொட்டி நகருக்கு வந்தவரையே எட்டியது. பாட்டுப் புத்தகம் எழுத்தறிந்தவரை எட்டியது. அதிலுள்ள கதைச் சுருக்கம் சிக்கல் முற்றும் இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு கூறி முடியும். வானொலி ஒன்றே மலையிலுள்ள லயத்து அறை வரை சென்றது. எழுத்தறியாதவரும் அதனைக் கேட்டனர். பத்திரிகை எட்டாத இடங்களில் படத்தைப் பற்றிய முதற் சொல் வானொலியின் சொல்லாகவே இருந்தது.

அவ்வானொலியின் வரலாறு ஒரு முரண்பாட்டை உள்ளடக்கியது. றேடியோ சிலோனின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், இசைத் தூய்மையை வேண்டி, அகில இந்திய வானொலியில் திரைப் பாடல்களுக்கிருந்த இடத்தைப் பெரிதும் சுருக்கினார். 1957 இல் விவித பாரதி தோன்றும் வரையில், புதிய படத்தின் பாடல்களைத் தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கொண்டுசெல்லச் சென்னைத் தயாரிப்பாளருக்குக் கொழும்பின் ஒலிபரப்பே தக்க வழியாயிற்று. தமிழ்நாட்டை நோக்கிச் சென்ற அதே அலை கண்டியிலும் கேட்டது. ஆகவே, தென்னிந்தியப் படமொன்று இங்கு இறக்குமதியாகுமுன்னரே அதன் பாடல்கள் மனப்பாடமாகியிருந்தன. இலங்கையின் நிலையம், இலங்கை அறிவிப்பாளரின் குரல், இலங்கைத் தமிழ் நேயர் ஆகிய மூன்றும் இணைந்து வளர்த்தது இறக்குமதிப் படத்தின் புகழையே.

இவ்விளம்பரம் கலைத்திறன் அற்றதென்று தள்ளிவிடுதல் நியாயமன்று. வர்த்தக சேவையின் ‘திரைவிருந்து’ நிகழ்ச்சியில் கே.எஸ். ராஜா கையாண்ட முறை இதற்குச் சான்று. படத்தின் வசனத் துண்டுகளுக்கிடையே தம் குரலைப் புகுத்தி, ஒரு காட்சியின் வினாவிற்கு மற்றொரு காட்சியிலிருந்தோ பாடலிலிருந்தோ விடை வருமாறு அமைக்கும் அம்முறை, காட்சியை இழந்த ஒலியைக் கொண்டே கேட்போர் மனத்திற் காட்சியை எழுப்ப வல்லது. சாதாரணமான படங்களும் அவர் குரலில் எதிர்பார்ப்பிற்குரியன ஆயின. எனினும், அம்முறைக்கு இயல்பானதோர் எல்லை உண்டு. உரத்த வசனம், சடுதியான திருப்பம், மெட்டுள்ள பாடல் ஆகியவை உள்ள படத்தையே அவ்வாறு துண்டாக்கிச் சுவைபடக் கூறமுடியும். மௌனத்தாலும் நிதானத்தாலும் பேசும் படத்தில் விளம்பரக்காரருக்கு எடுத்தாளக் கிடைப்பது மிகச் சிறிது.

1962 இல் 16 மி.மீ. படமாக வந்த ‘சமுதாயம்’ தொடங்கி இங்கு உருவான தமிழ்ப் படங்கள் இச்சூழலையே எதிர்கொண்டன. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை அவற்றுக்குத் திரையில் ஓரளவு இடமளித்தது. நேயர் மனத்தில் இடமளிப்பது சட்டத்தால் ஆவதன்று. 1975 இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ மலையகத் தொழிலாளர் வாழ்வை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் ‘ஜோஸ்’ என்னும் படத்திற்காகத் தொலைக்காட்சி நேரம் பெருமளவில் வாங்கப்பட்டு, நானூறுக்கு மேற்பட்ட அரங்குகளில் அது ஒரே நாளில் திரையிடப்பட்டது. படத்தின் வெற்றி வெளியீட்டுக்கு முன்னரே திட்டமிடப்படும் காலம் உலகெங்கும் வலுப்பெற்ற வேளையிலேயே, இலங்கைத் தமிழ்ப் படம் தன் முதலடிகளை வைத்துக்கொண்டிருந்தது.

1976, 1977 ஆம் ஆண்டுகளின் இரு படங்களை ஒப்பிட்டால் உண்மை மேலும் தெளிவாகும். ‘கோமாளிகள்’ வானொலித் தொடரிலிருந்து பிறந்தது. எஸ். ராம்தாஸ் படைத்த பாத்திரங்களை நேயர் முன்னரே வாரந்தோறும் கேட்டுப் பழகியிருந்தனர். ஆதலின் படம் வருமுன்னரே அதன் விளம்பரம் முற்றுப்பெற்றிருந்தது. படமும் வெற்றி கண்டது. பேராதனையிற் பயின்ற தர்மசேன பத்திராஜ நெறியாண்ட ‘பொன்மணி’, யாழ்ப்பாணத்துச் சாதி, சீதன வழமைகளை ஆரவாரமின்றி நோக்கிய படம். அது வணிக வெற்றி பெறவில்லை. ‘பொன்மணி’யின் சிறப்பை எந்த ஒரு நிமிட விளம்பரமும் கூறியிருக்க இயலாது, அதனைக் கூறவேண்டியது விமர்சனம். அவ்விமர்சனமோ படம் அரங்கை விட்டு நீங்கிய பின்னரே உரத்து ஒலித்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். உள்நாட்டுப் படங்கள் பல தொழில்நுட்பக் குறைபாடு உடையன, தென்னிந்தியப் படங்களைப் போலச் செய்தவை. அவை தோற்றதற்கு விளம்பரத்தைக் காரணங்காட்டுவது தகுமா என்பது அது. குறைபாடுகள் உண்மையே. ஆயினும், போலச் செய்தலின் வேரும் இங்கேயே உள்ளது. எதனை எளிதில் விளம்பரப்படுத்தலாமோ அதனையே படமாக்கத் தயாரிப்பாளர் தூண்டப்பட்டார். விளம்பரம் படத்தை விற்றதோடு நில்லாது, அடுத்த படத்தின் வடிவத்தையும் வகுத்தது.

1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது, அங்கிருந்த படச்சுருள்களும் அழிந்தன. இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. பத்திரிகை விளம்பரங்களும் நேயர் நினைவுகளுமே அவற்றுட் சிலவற்றுக்கு எஞ்சிய சான்றுகள். தன்னைப் பற்றிய முதற் சொல்லைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்த ஒரு கலை, இறுதிச் சொல்லையும் விளம்பரத்திடமே ஒப்படைத்துள்ளது.

இன்று முன்னோட்டம் கைப்பேசியில் வருகின்றது. வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்னரே பாடல் வருகின்றது. கருவி மாறினும் உறவு மாறவில்லை. விளம்பரத்தைச் சாடுவதாற் பயனில்லை. அது தன் தொழிலைச் செய்கின்றது. தன் தொழிலை உரிய வேளையிற் செய்யாதது விமர்சனமே. சிறிய படமொன்று கண்டிக்கு வருமுன்னரே அதனைப் பற்றிப் பேசவும், அதனைக் காண்பதற்கு இரசிகரை ஆயத்தப்படுத்தவும், கிடைக்கும் விளம்பரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் தொகுத்துப் பேணவும் பல்கலைக்கழகச் சமூகம் முன்வருதல் வேண்டும். முதற் சொல்லில் விமர்சனத்துக்கும் பங்கு கிடைக்கும்போதுதான், இங்குள்ள வாழ்வைக் கூறும் படத்துக்கு இங்குள்ள இரசிகன் அந்நியனாகாதிருப்பான்.