'நிலக்கிளி'யும் ஊர்ப்பற்றும்

'மண்வாசனை' என்ற சொல் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்து விமர்சகர் நாவில் பெரிதும் பயின்று வந்திருக்கிறது. நாலு வட்டாரச் சொற்களும் ஒரு பனைமரமும் இருந்துவிட்டால் மண்வாசனை கமழுமென எண்ணியோரும் உளர். அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) அத்தகையதன்று. முல்லைத்தீவுப் பகுதியிலே பிறந்து வளர்ந்த ஆசிரியர், தண்ணிமுறிப்பு என்னும் குளக்கரைக் கிராமத்தைக் களமாகக் கொண்டு எழுதிய நாவல் இது. இதிலே ஊர்ப்பற்று உழைப்பின் வழியே பிறக்கிறது. கதிர்காமன் காட்டின் அழகை வியந்து நிற்பவனல்லன். காட்டைத் தடம் பார்த்து நடப்பவன். வன்னியை வெறும் காய்ச்சற் காடாகவும் இடமாற்றத் தண்டனைக்குரிய இடமாகவும் கண்ட நகரத்துப் படிப்பாளிகளுக்கு, அங்கும் நிறைவான மனித வாழ்வு உண்டென்று காட்டியது இந்நாவலின் பெருஞ்சாதனை என்போம்.

எனினும் ஓரிடத்தில் நாம் முரண்பட வேண்டியுள்ளது. தரையை விட்டு அதிகம் எழாது எளிதிற் பிடிபடும் பறவையின் பெயர் பதஞ்சலிக்கு உவமையாகிறது. அவளுடைய வெகுளித்தனமே ஊரின் தூய்மைக்கு அடையாளமாகிறது. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தோடு கலக்கமும் வந்து சேர்கிறது. ஊரை நேசிப்பவர், ஊர்ப்பெண் உலகறியாதவளாகவே இருக்கவேண்டுமென விரும்பலாமா? ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இக்கேள்வி உறுத்தவே செய்கிறது.

நிலம் எவர் பெயரில் இருக்கிறது என்பதும் நாவலின் கவலையன்று. எழுதப்பட்ட காலத்தில் அது குறையாகத் தோன்றியிராது. ஆனால் 1984இன் இறுதியில் மணலாற்றையும் தண்ணிமுறிப்பையும் சேர்ந்த தமிழ்மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணலாறு 'வெலிஓயா' ஆயிற்று. (அங்கே கொண்டுவந்து இருத்தப்பட்ட சிங்கள ஏழை விவசாயியும் தன் ஊரைப் பிரிந்து வந்தவனே, இதை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர்.) போர் 2009இல் முடிந்தபின்னும் அம்மண்ணின் பிணக்கு முடியவில்லை. தண்ணிமுறிப்பை அடுத்த குருந்தூர்மலை விவகாரம் முல்லைத்தீவு நீதிமன்றம் வரை சென்றது.

பாலமனோகரன் பின்னர் டென்மார்க்கிற் குடியேறினார். புலம்பெயர்ந்தோர் இன்று இந்நாவலை ஊர் நினைவில் உருகிப் படிக்கின்றனர். உருகுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது குளமும் காடும் மாத்திரமே. அந்தக் குளத்து நீரை நம்பி வயல் விதைத்தவன் இன்று தன் காணிக்கு உறுதி கேட்டுக் கச்சேரி வாசலில் நிற்கிறான்.